நாலு இடத்துல ஒரே பேர்

அவன்: தோள்பட்டை கழண்டு விழுந்துடும் போலிருக்கு அக்கா. காலையிலேர்ந்து டிரில் மிஷினைத் தூக்கிப் பிடிச்ச கை... இன்னும் உதறுது பாருங்க. உதறுற கையில பச்சை குத்தினா எழுத்து கோணிக்காது? இன்னொரு நாள் வரேனே...

அக்கா: கை உதறுது, சரி. முட்டி ஏன் உதறுது?

அவள்: நல்லாக் கேளுங்க அக்கா. வர்ற வழியிலேயே ரெண்டு தடவை ஒண்ணுக்குப் போயாச்சு இந்த மனுஷன்.

அவன்: அது தண்ணி குடிச்சதுக்குடி.

அவள்: சுரங்கத்துல மலையைக் குடையிற ஆளு. ஊசியைக் கண்டா ஒண்ணுக்கு வருது. வெளிய சொன்னா என் மானம் போகும்.

அவன்: மலைக்கு வலிக்காது. எனக்கு வலிக்கும்.

அக்கா: சாப்பிட்டியா தம்பி?

அவன்: இல்லக்கா. வெறும் வயித்தோட போனா வாந்தி வராதுன்னு...

அக்கா: எவன் சொன்னான்? வெறும் வயித்துல குத்தினா மயங்கிடுவ. உன் உடம்புக்கு நீ விழுந்தா, நானும் உன் பொண்டாட்டியும் சேந்தாலும் தூக்க முடியாது. அந்த டப்பாவுல சர்க்கரை இருக்கு, அள்ளி வாயில போடு. சட்டையைக் கழட்டு. சாஞ்சுக்க. கையை விரி.

அவன்: குத்துறது மேல்கையில தானே? உள்ளங்கை எதுக்கு?

அக்கா: விரின்னா விரி. ...ம். அந்தக் கையும். ...பத்தும் இருக்கு.

அவன்: பின்ன இல்லாம? எண்ணிப் பாத்துத்தான் குத்துவீங்களா?

அக்கா: சுரங்கத்துக்காரங்க விரலை எண்ணாம நான் ஊசியைத் தொடுறதில்ல. பழக்கமாயிடுச்சு.

அவள்: ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பழக்கம். அக்கா, பேரு குண்டு குண்டா வரட்டும். என் பேரை எங்க தெருவே படிக்கணும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்காக இவரு பண்ணப்போற மொத காரியம் இதுதான்.

அவன்: ரெண்டு புள்ள குடுத்தேனே?

அவள்: அதுல உனக்கு எங்க வலிச்சுது? இன்னிக்கு வலிக்கட்டும். நான் உக்காந்து பாக்குறேன்.

அவன்: அக்கா... இவ வெளிய உக்காரட்டுமே.

அவள்: ஏன்?

அவன்: நீ பாத்துக்கிட்டே இருந்தா... கூச்சமா இருக்கு.

அவள்: கூச்சமாம்! யாருக்கு? குளிச்சுட்டுத் துண்டைத் தேடிக்கிட்டு வீடு பூரா சுத்துற ஆளுக்கு.

அக்கா: இருக்கட்டும் தம்பி. பிடிச்சுக்க ஒரு கை வேணும் உனக்கு. இப்ப மிஷினைப் போடப் போறேன். சத்தத்துக்குப் பயந்துக்காத.

அவன்: சத்தமா? அது பழகினதுதான். கேட்டா எங்க டிரில்லு போட்ட குட்டி மாதிரி இருக்கு... ஆ! அம்மா! அம்மம்மா!

அக்கா: இன்னும் தொடவே இல்ல. ஸ்பிரிட்டுதான் தடவினேன்.

அவள்: ஹய்யோ... வயிறு வலிக்குதே... என் மாமியாரு இதைப் பாக்கக் குடுத்து வைக்கலையே!

அவன்: சிரி. நல்லா சிரி.

அக்கா: உன்னை மாதிரி ஒரு ஆளை எனக்குத் தெரியும். ஊசியை எடுத்தாலே தெருவுக்கு ஓடிடுவாரு.

அவன்: அப்புறம் எப்படிக் குத்தினீங்க?

அக்கா: குத்தல. ...இப்ப தொடறேன். மூச்சை அடக்காத. இழு... மெதுவா விடு. விடும்போதுதான் கோடு இழுப்பேன்.

அவன்: ஸ்ஸ்ஸ்ஸ்... அக்கா... அக்கா... போன்ல கேட்டப்ப எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்னீங்க!

அக்கா: எறும்புன்னு சொன்னேன். எவ்வளவு பெருசுன்னு சொன்னேனா? ஊசியைப் பாக்காத. சுவத்தைப் பாரு.

அவன்: சுவத்துல பாக்க என்ன இருக்கு... ஒரு ஆணிதான் இருக்கு.

அக்கா: அந்த ஆணியைப் பாரு.

அவன்: அதுவும் குத்துற சாமான்தானே...

அக்கா: சரி, வலியை வாய் வழியா வெளிய விடு. யாரையாவது திட்டு. உங்க ஃபோர்மேனைத் திட்டு. இந்த நாற்காலியில உக்காந்தவங்க எல்லாரும் அவனைத்தான் திட்டியிருக்காங்க.

அவன்: பொம்பளைங்க முன்னாடி எப்படி...

அவள்: வீட்டுல தினமும் கேக்குற கச்சேரிதான். ஆரம்பி.

அவன்: டேய் ஃபோர்மேன்! ஓட்டை வாயா! மேல விரிசல் விட்டிருக்கு, பொடிக்கல்லு கொட்டுதுன்னு சொன்னா... டார்ச்சை மேல அடிக்காத, விரிசல் கண்ணுக்குத் தெரியாதுன்னு சொன்ன பாரு... ஸ்ஸ்ஸ்... உன் வாயில சிமென்டைப் போட்டுப் பூச! உன் நாற்காலிக்கு மேல அந்தக் கல்லு விழ!

அக்கா: நல்லா இருக்கு. ஒரு எழுத்து முடிஞ்சுது பாரு.

அவள்: எந்த விரிசல்யா?

அவன்: ...பழசு. போன வருஷத்துது.

அவள்: அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க. கையை எடுங்க. ...இது என் பேரோட எழுத்து இல்லையே.

அவன்: இப்பத்தானே ஆரம்பிச்சிருக்காங்க, அதுக்குள்ள...

அவள்: என் பேரு இந்த எழுத்துல ஆரம்பிக்காது, முடியாது, நடுவுலயும் வராது. நான் அதிகம் படிக்கலதான். ஆனா மாசாமாசம் உன் சம்பளச் சீட்டைப் பிரிச்சுப் பாக்குறவ நான். இது உன் பேரு. தன் பேரைத் தானே குத்திக்கிற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன். ஏன், மறந்துடுவியா?

அவன்: எனக்கு மறக்காது.

அவள்: பின்ன யாருக்கு?

அவன்: அக்கா, நீங்க குத்துங்க. ஊசியை எடுத்துட்டா மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இருக்காது.

அக்கா: கை பாட்டுக்கு அது வேலையைப் பாக்கும். வாயை நீதான் திறக்கணும்.

அவள்: நீங்களாவது சொல்லுங்க அக்கா.

அக்கா: நான் என்னம்மா சொல்றது... தன் பேரை நாலு இடத்துல போடணும்னு போன்லயே சொல்லியிருக்காரு. ரெண்டு கை, ரெண்டு கால்.

அவள்: நாலு இடமா? ஒரு கையில இருந்தா போதாதா?

அவன்: எந்தக் கை கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? ...கேட்டுட்ட இல்ல? போதுமா?

அவள்: அடப்பாவி... நீ வேலைக்குச் சேர்றதுக்கு முந்தி ஆளுங்க மேல இடிஞ்ச பக்கத்தை மூடியாச்சு, இனிமே அங்க வேலையே கிடையாதுன்னு சொன்னியே.

அவன்: திறக்கிறாங்க. திங்கக்கிழமை.

அவள்: யாரு போறா?

அவன்: எங்க கேங்கு.

அவள்: போகாத.

அவன்: நாங்க போகலன்னா வேற கேங்கு போகும்.

அவள்: போகட்டுமே! போறவன் போகட்டும்! உனக்கு என்ன தலையெழுத்து?

அவன்: அவனுங்க நேரா மிஷினை விட்டு வாரிக் கொட்டுவானுங்க. என்னத்தை வாருறோம்னு குனிஞ்சு பாக்க மாட்டானுங்க.

அவள்: குனிஞ்சு பாக்க அங்க என்ன இருக்கு? எல்லாரையும் வெளிய எடுத்தாச்சுன்னு கம்பெனியில அன்னிக்கே சொன்னாங்களே.

அவன்: சொன்னாங்க.

அக்கா: தம்பி, ஆடாத.

அவன்: நான் ஆடலக்கா. நீங்க ஏன் ஊசியை எடுத்தீங்க?

அக்கா: ...ஒரு நிமிஷம். மை வழியுது, துடைச்சுக்கிறேன்.

அவள்: அதான் ஹெல்மெட்டுல நம்பர் இருக்கே. கழுத்துல டோக்கன் இருக்கே. அப்புறமும் எதுக்கு இந்தக் கருமம்?

அவன்: டோக்கன் கயிறு ஒரு இழுப்புக்குத் தாங்காது. ஹெல்மெட்டு... உள்ள போகும்போது எது ஈரமில்லாம இருக்கோ அதை எடுத்து மாட்டிக்கிட்டுப் போவோம். யாரோட நம்பர்னு எவன் பாக்குறான்?

அவள்: உன் மண்டைக்கு எவன் ஹெல்மெட்டும் சேராதே.

அவன்: அதான் பாக்குறதிலேயே பெருசா எடுத்துக்குவேன். போன தடவை இடிஞ்சப்ப ஹெல்மெட்டு நம்பரைப் பாத்துத்தான் இது இவன், அது அவன்னு பிரிச்சு, மூட்டையாக் கட்டி வீட்டு வீட்டுக்கு இறக்கினாங்க. என்னை அப்படி விட மாட்டேன். எவனோ ஒருத்தன் பேர்ல என்னைப் புதைக்கக் கூடாது. எவனையோ என் பேரைச் சொல்லி உன் வாசல்ல இறக்கவும் கூடாது. அவங்க எழுதுற பேர் வேணாம். நானே எழுதிக்கிட்டுப் போறேன்.

அவள்: வாசல்ல இறக்குற பேச்சு இன்னொரு தடவை வந்துச்சு... அந்த ஊசியை வாங்கி உன் நாக்குலயே குத்துவேன்.

அவன்: குத்து. அங்கயாவது உன் பேரைக் குத்து.

அவள்: சிரிக்க வைக்காதய்யா. இப்ப எனக்குச் சிரிப்பு வரக் கூடாது. ...பயமா இருக்கா?

அவன்: ஊசிக்கா, அதுக்கா?

அவள்: அதுக்கு.

அவன்: இருக்கு. உள்ள கால் வைக்கிறப்ப தினமும் இருக்கு. ஊசின்னா கத்திக்கலாம். அங்க கத்த முடியாது, பக்கத்துல நிக்கிறவன் பயந்துடுவான். அதான்... எல்லாத்தையும் சேத்து வச்சு இங்க கத்திக்கிறேன்.

அவள்: அக்கா.

அக்கா: சொல்லும்மா.

அவள்: இவரு பேருக்குக் கீழ என் பேரையும் போடுங்க. நாலு இடத்துலயும்.

அவன்: ஏய்! வலி ரெண்டு மடங்காகும்டி!

அவள்: ஆகட்டும். யாருன்னு தெரிஞ்சா மட்டும் ஆச்சா? யார்கிட்ட கொண்டுவந்து விடணும்னு தெரிய வேண்டாம்? என்கிட்ட மறைச்ச இல்ல, அதுக்கும் சேத்து வலிக்கட்டும்.

அவன்: அக்கா, இவ சொல்றதைக் காதுல வாங்காதீங்க.

அக்கா: வாங்கியாச்சு. எழுத்து சின்னதா வேணுமா, குண்டாவா?

அவள்: குண்டா! அப்பவே சொன்னேன்ல? அந்த ஃபோர்மேன் கண்ணுல படணும். இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆபீஸ் வாசல்ல வந்து நிக்க ஒருத்தி இருக்கான்னு அவன் தினமும் படிக்கணும்.

அவன்: நீ இருக்கிறது அவனுக்கு நல்லாத் தெரியும். ஒரு தடவை கம்பெனி கேட்டுல வந்து கத்தினியே, அதுக்கப்புறம் எனக்கு மட்டும்தான் கையுறை புதுசு.

அவள்: பாத்தியா? அப்பக் கத்தினாக் கிடைக்குது.

அக்கா: கையில ஆச்சு. காலை நீட்டு. கணுக்காலு மேல வலி ஜாஸ்தி, எலும்பு கிட்டக்க இருக்கு. சொல்லிட்டேன்.

அவன்: சொல்லாம குத்தியிருக்கலாம்... அய்யோ! அய்யய்யோ! எலும்புலயே குத்துறீங்களா?

அக்கா: மூச்சு! மூச்சு! அழணும்னா அழு. ஆடாத.

அவள்: யோவ், என் கையை நசுக்காத. நாளைக்கு நான் அந்தக் கையாலதான் வேலைக்குப் போகணும்.

அவன்: விட்டா ஓடிடுவேன்.

அவள்: அப்ப நசுக்கு.

அக்கா: இன்னும் உன் பொண்டாட்டி பேருல பாதிதான். திட்டு. ஃபோர்மேன் அலுத்துட்டான்னா காண்டிராக்டரைத் திட்டு.

அவன்: காண்டிராக்டரு... அவன் மூஞ்சியை நான் பாத்ததே இல்லக்கா. மூஞ்சி தெரியாம எப்படித் திட்டுறது?

அவள்: அவனுக்கு மட்டும் உன் மூஞ்சி தெரியுமா? திட்டு!

அவன்: டேய் காண்டிராக்டர்! மூஞ்சி இல்லாதவனே! ...அம்மா! ...உன் காலை நீட்டுடா இங்க! உன் காலை!

அக்கா: முடிஞ்சுது.

அவன்: ...முடிஞ்சுதா?

அக்கா: முடிஞ்சுது. நாலு இடத்துலயும் ரெண்டு தடவை குத்து வாங்கியிருக்க. ஓடல.

அவள்: அழுதாரு.

அக்கா: அழுதா என்ன? ஓடல இல்ல?

அவள்: நான் குத்தம் சொல்லலக்கா. ...எவ்வளவு ஆச்சு?

அக்கா: வேணாம். சுரங்கத்துக்காரங்ககிட்ட வாங்குறதில்ல. திங்கக்கிழமைக்குள்ள புண்ணு காயாது. மண்ணு பட்டா சீழ் வைக்கும், துணியைச் சுத்திக்கிட்டு உள்ள போ.

அவன்: அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். குத்துறதுக்கு எங்க தெருவுலயே ஆள் இருக்கு.

அவள்: இன்னும் என்னய்யா உள்ள வச்சிருக்க?

அவன்: இதுதான் கடைசி. மிஷினை விடறதுக்கு முன்னாடி ஒரு ஷிப்டு பூரா கையாலதான் வாருறதுன்னு எங்க கேங்குல பேசி முடிச்சுட்டோம். ஃபோர்மேன் தலைகீழா நின்னாலும் சரி. உள்ள ஒருத்தர் இருக்காருன்னு நீங்க ஆபீஸ் வாசல்ல போட்ட சத்தம் எங்க எல்லார் காதுலயும் விழுந்துச்சு.

அவள்: யாரு அக்கா உள்ள?

அவன்: இவங்க வீட்டுக்காரரு. ...எங்க கேங்கு வந்து சேர்றதுக்கு முந்தின கேங்கு அவரு. நாங்க யாரும் பாத்ததில்ல. பாத்தா தெரிஞ்சுக்க ஒரு அடையாளம் சொல்லுங்கக்கா. பேரு குத்தியிருந்தாரா?

அக்கா: ஊருக்கெல்லாம் குத்தினேன். அவருக்குக் குத்தல. சொன்னேனே, ஊசியை எடுத்தா தெருவுக்கு ஓடுவாருன்னு... அவருதான் அது.

அவன்: அப்ப வேற எதாவது?

அக்கா: இடது கையில சுண்டுவிரல் கிடையாது. கல்லு உடைக்கிற மிஷின் எடுத்துக்கிச்சு. மொத்தம் ஒன்பது. இடிஞ்ச அன்னிக்குக் காலையில டோக்கன் இல்லாம புதுசா ஒரு பையனைப் பிடிச்சு உள்ள விட்டிருக்காங்க, தலையில ஒண்ணும் இல்லாம. இவரு தன் ஹெல்மெட்டைக் கழட்டி அவனுக்குக் குடுத்திருப்பாரு, அவரு புத்தி அது. நம்பரைப் பாத்து அவனைக் கட்டி என் வாசல்ல இறக்கினாங்க. பிரிக்காதன்னாங்க. பிரிச்சேன். எண்ணினேன். பத்து இருந்துச்சு. போய்ச் சொன்னா, துக்கத்துல உனக்கு எண்ண வரலன்னாங்க. அந்தப் பையனை நான்தான் அழுது புதைச்சேன், அவன் பேரு கூட எனக்குத் தெரியாது. ...எனக்கு எண்ண வரும் தம்பி. கம்பெனி எனக்கு என் புருஷன் உடம்பைத் தரணும். இன்னும் தரல.