பட்டியலில் இல்லாத புரோகிராம்

– காணோம்னா என்னடா அர்த்தம்? நேத்து வரைக்கும் இந்த லேப்ல ரத்த அணு எண்ணிக்கிட்டிருந்த புரோகிராம், கால் முளைச்சு நடந்தா போச்சு?

– நடந்து போகலக்கா. கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு மாத்தினேன்ல, அதைச் செய்யறவங்க இந்தப் பதிப்புல இதை விட்டுட்டாங்க. பட்டியல்லயே இல்ல.

– பட்டியல்ல இல்லாட்டி போகட்டும். ஏற்கெனவே இங்க இருந்தது எங்க?

– அது வந்து… கடைசியில, வேண்டாத பழசையெல்லாம் நீக்கிடவான்னு கேட்டுச்சு. ஆமான்னு தட்டிட்டேன்.

– படிக்காம?

– நானூறு புரோகிராம் பேரு வரிசையா ஓடுதுக்கா. அதை யாரு படிப்பா?

– உன்னை யாரு மாத்தச் சொன்னது?

– உன்கிட்ட கேட்டுத்தான் செஞ்சேன். செருப்பு மாட்டிக்கிட்டே தலையாட்டினே.

– அலுப்புல ஆட்டியிருப்பேன். நாப்பது வயசாச்சு உனக்கு, அக்கா தலையாட்டலுக்கு அர்த்தம் தெரியல. வெளியில இருபத்திரண்டு பேரு உக்காந்திருக்காங்கடா. ஒருத்தருக்கு நாளைக்கு ஆபரேஷன். டாக்டர் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டாரு.

– நீயே மைக்ராஸ்கோப்ல பாத்து எண்ண முடியாதா? முன்னாடியெல்லாம் எண்ணினியே.

– ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம். இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நான் எண்ணி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும்.

– பொறுக்கா. பழைய பதிப்போட புரோகிராமெல்லாம் இன்னும் நெட்ல இருக்கு. இதை மட்டும் அங்கேருந்து எடு, மத்ததைத் தொடாதேன்னு ஒரு வரி எழுதினா போதும். ஒண்ணும் ஆகாது.

– நேத்தும் இதைத்தான் சொன்னே. ஒண்ணும் ஆகாதுன்னு.

– உன் போன் அடிக்குது.

– அம்மாவா இருக்கும். விடு. காலையில இருந்து மூணாவது தடவை. மாடி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னு அதே பாட்டு.

– பாவம்க்கா.

– பாவம்தான், நான் இல்லேங்கலையே. போன மாசமே ரத்தம் பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு, வயசாச்சு, சும்மா படும்மான்னு சொன்னேன். "நான் என்ன நடிக்கிறேனா"ன்னு கேட்டுட்டு ரெண்டு நாள் என்கூடப் பேசல. எனக்கும் யாராவது சும்மா படுன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருக்கு. சரி, என்ன ஆச்சு அங்க?

– மாப்பிள்ளையைக் கூப்பிட்டா பங்காளி மொத்தமும் பின்னாடியே வருது. இது ஓடணும்னா இன்னும் பதினொரு பழைய சாமான் வேணுமாம்.

– அதுல எதையாவது நீக்கவான்னு கேட்டா?

– படிச்சுட்டுத்தான் தட்டுவேன். சத்தியமா.

– ம்.

– வந்திருச்சுக்கா. இந்தா, திறக்குது பாரு.

– அப்பாடா. தள்ளு. முதல் ஆளோடது… சரியா இருக்கு. ரெண்டாவது… இதுவும் சரியாத்தான் இருக்கு. மகராசனா இருடா. இன்னைக்குக் காலையில இருந்து இப்பதான் மூச்சு விடுறேன்.

– இனிமே யாரும் நீக்க முடியாதபடி இதைப் பூட்டி வச்சிடறேன்.

– வை. ஆமா, இவ்வளவு நல்லா ஓடுறதை அவங்க ஏன் தூக்கினாங்க?

– பாத்துக்க ஆள் இருந்திருக்காது. பாதிப் புரோகிராம் அப்படித்தான் போகுது.

– இருந்திருக்காதுன்னா? அதையும் படிக்கலையா நீ?

– நீக்கினா காரணம் எழுதி வச்சிருப்பாங்க. பாக்கறேன், பொறு.

– சத்தமாப் படி. நான் மூணாவதைப் போடறேன்.

– அக்கா.

– சொல்லு.

– அதைப் போடாதே. கையை எடு.

– ஏன்டா, முகம் ஏன் இப்படிப் போகுது?

– ஆள் இல்லாம நீக்கலக்கா. தப்பா எண்ணுதுன்னு நீக்கியிருக்காங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கிற அணுவை ரெண்டு தடவை எண்ணுதாம். ரத்தம் குறைவா இருக்கிறவங்களுக்கும் சரியா இருக்குன்னு காட்டுமாம். நம்பி யாரும் வைத்தியம் பாக்காதீங்கன்னு எழுதியிருக்கு.

– எத்தனை நாளா?

– போன பதிப்புல இருந்தே. ரெண்டு வருஷம்.

– ரெண்டு வருஷமா நான்தான்டா எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டேன்.

– உனக்கு எப்படித் தெரியும்க்கா? நீ என்ன செய்வே?

– வெளியில போயி, யாரும் கிளம்ப வேண்டாம், நேரமாகும்னு சொல்லு. எல்லாத்தையும் நான் கண்ணாலயே எண்ணறேன். டாக்டரை உடனே வரச் சொல்லு.

– சொல்றேன். திரும்ப உன் போன் அடிக்குதுக்கா. அம்மாதான். எடுக்கட்டா, விடட்டா?

– எடுடா. எடுத்து, மாடி ஏறாம அப்படியே உக்காரச் சொல்லு. அம்மா ரத்தத்தையும் நான் இதுலதான் எண்ணினேன்.