சுரங்கம் தோண்டாமல் போனவ

இல்லை மேனுகா, படத்தில பழியைப் போடாதையும். உந்தப் படத்தைப் பாத்து ஒரு பூனைகூட மதில் பாயாது. சிவக்கொழுந்து அக்கா பாய்வாவோ? மூட்டு வாதத்தோட, கட்டிலை விட்டு இறங்கவே அரை மணித்தியாலம் முருகனைக் கூப்பிடுற மனுசி.

இரும், அந்தக் கதிரையில இரும். நிண்டுகொண்டு விசாரிச்சால் நிமிந்து பாத்து எனக்குக் கழுத்து நோகுது. ஓம், இந்த அறையில அவவோட இருந்தது நான்தான். அப்ப அவ எங்க போனவ எண்டு என்னட்டைத்தானே கேக்க வேணும், அது நியாயம். கேளும். ஆனா முதல்ல படத்தைப் பற்றிச் சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை.

நேற்றுப் பின்னேரம் ஹோலில திரையைக் கட்டி, எங்களை எல்லாம் வரிசையா இருத்தி, உலகமே புகழ்ந்த பழைய படம், யுத்தக் கைதிகள் கேம்பில இருந்து தப்பிற கதை எண்டு மைக்கில சொன்னீர். முதியோர் இல்லத்துக்கெண்டு நல்ல படமாத்தான் தேடிப் பிடிச்சீர்.

நான் அதைப் பேராதனையில படிக்கேக்க கண்டிக்குப் போய்ப் பாத்தனான். அப்ப அழுதனான். வாங்கின கச்சான் கடலை கையில அப்பிடியே கிடக்க, அழுதனான். நேற்று எனக்குச் சிரிப்பு வந்தது. கைதியளாம், ஒவ்வொருத்தனும் அண்டைக்கு அண்டைக்குச் சவரம் செய்த முகத்தோட நிக்கிறான். சப்பாத்து மினுங்குது. ஒருத்தனுக்கும் வயித்தாலடி இல்லை, பேன் இல்லை, சொறி இல்லை. ஒருத்தன் வீட்டை நினைச்சு விக்கினால், மற்றவன் உடன மவுத் ஓர்கனை எடுத்து வாசிக்கிறான். சமையலறை அடுப்புக்குக் கீழ சுரங்கம் வெட்டுறாங்கள், அதுக்கொரு கமிட்டி, தலைவர், செயலாளர்! எங்கட ஆக்களை அந்தக் கேம்பில போட்டிருந்தால், தலைவர் ஆரெண்டு முடிவெடுக்கிறதுக்கிடையில சண்டையே முடிஞ்சிருக்கும். பிறகும் ரெண்டு சுரங்கம் வெட்டியிருப்பினம், வடமராட்சியாருக்கு ஒண்டு, தென்மராட்சியாருக்கு ஒண்டு. ரெண்டும் நடுவில முட்டி இடிஞ்சிருக்கும்.

சிரியும். காலமை தொடக்கம் செத்த வீட்டு முகத்தோட திரியிறீர்.

சிவக்கொழுந்து அக்கா என்ன கேட்டவ தெரியுமோ? அவ உண்மையாவே கேம்பில இருந்தவ. சண்டை முடிஞ்ச வருசம், செட்டிகுளத்தில, முள்ளுக்கம்பிக்குள்ள. பாதிப் படத்தில என்ர காதுக்குள்ள குசுகுசுத்தா: பிள்ளை, உவங்கள் தண்ணிக்கு லைனில நிக்கிறேல்லையோ? அவ்வளவுதான். பிறகு நித்திரையாப் போனா. படம் எடுத்தவனுக்கு அந்த ஒரு கேள்வி காணும். கேம்பெண்டால் லைன். ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு பகல். சுரங்கம் வெட்ட ஆருக்கு நேரம்?

என்ன, சுத்தி வளைக்காமல் சொல்லட்டோ? சரி. வவுனியாவுக்குப் போட்டா. மருமகள் ரதியட்டை. காணாமல் போன மூத்த மகன்ர பெண்சாதி. சின்னச் சாமான் கடையொண்டு வைச்சிருக்கிறாள். எனக்கும் கதைக்க ஆளில்லை, வந்து என்னோட இருங்கோ மாமி எண்டு மாசக்கணக்காக் கேட்டவள். கனடாவில இருக்கிற இளையவன் ஜனா விடமாட்டன் எண்டவன். ஏனெண்டால், அண்ணன் செத்துப்போனான் எண்டு ஒப்புக்கொண்டு ரதி மரணச் சான்றிதழ் எடுத்தவளாம். அந்தக் கோபம். பெத்தவளுக்கே இல்லாத கோபம், சமுத்திரத்துக்கு அங்கால இருக்கிறவனுக்கு.

பொலிசோ? என்னெண்டு சொல்லப் போறீர்? எண்பது தாண்டின மனுசி தன்ர காலால நடந்து மருமகள் வீட்டை போட்டா எண்டோ? சிங்களத்தில சொல்லிப் பாரும். அவங்கள் உமக்குத் தேத்தண்ணி தந்து அனுப்புவாங்கள்.

எப்பிடிப் போனவவோ? விடியவே, முன்வாசல் கேற்றால. செக்கியூரிட்டிப் பொடியன் மல்லி, கோயிலுக்கோ அம்மே எண்டு கேட்டு, தானே திறந்து விட்டவன். அவனைத் திட்டாதையும். தலை முழுகி விபூதி பூசிக்கொண்டு வந்தால் ஆர்தான் மறிப்பான்?

இந்தச் சிறையை ஒருத்தனும் படம் எடுக்கமாட்டான். வெள்ளவத்தையில, கடல் காத்து வாற ஒழுங்கையில, மாபிள் போட்ட வீடு. ஆனா முன் கடைக்கு ஒரு பனடோல் வாங்கப் போறதெண்டாலும் பிள்ளை அங்கயிருந்து வட்ஸ்அப்பில அனுப்ப வேணும், அம்மா போகலாம் எண்டு. கனடா விடியுமட்டும் நாங்கள் இஞ்ச குடையோட குந்தியிருக்க வேணும். எந்தப் படத்திலயாவது கைதி காவல்காரனைத் தட்டி எழுப்பி, ஐயா நான் தப்பட்டோ எண்டு கேட்டவனோ?

உம்மைக் குறை சொல்லேல்லை. இந்த இல்லத்தைப் பாக்கிற உம்மட வேலை உது. ஒண்டு மட்டும் கேக்கிறன். ஜனாவுக்கு இப்ப எடுக்காதையும். இப்ப எடுத்தால் அவன் ஆரையாவது பிடிச்சு, வழியில பஸ்ஸை மறிச்சு இறக்குவிப்பான். அவனுக்கு எல்லா ஊரிலயும் ஆக்கள். இஞ்ச பின்னேரமாகுது, அங்க இன்னும் இருட்டு. அவன் தானா எழும்பட்டும், கோப்பி குடிக்கட்டும். அதுக்கிடையில அவ ரதியின்ர வீட்டுப் படியேறிடுவா. பிறகு எடும். கத்துவான்தான். கத்தட்டும். மருமகளின்ர வீட்டுக்குள்ள பூந்து ஆரும் கிழவியைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது.

இன்னும் அரை மணித்தியாலம்தானே. போனை மடியில வையும்.

படத்தில இன்னொண்டு. வெளியில போய் என்ன செய்யிறதெண்டு ஒருத்தனும் கதைக்கேல்லை, கவனிச்சீரோ? துளையால தலை வெளியில வருது, புல்லு, வானம், வயலின். அதோட முடிச்சிட்டான். அடுத்த நாள் காலமை அந்தத் தலை எங்க பல்லுத் தீட்டினது? வெளிய எல்லாருக்கும் ஆரோ காத்துக்கொண்டிருக்கினம் எண்டு எழுதினவனுக்கு ஒரு நினைப்பு. விசரன்.

என்ன அப்பிடிப் பாக்கிறீர்? ஓ, சேலையோ. ஓம், நல்ல சேலைதான். கலியாணத்துக்கு உடுத்தது, பிறகு பெட்டிக்குள்ள கிடந்தது. செருப்பும் கழட்டேல்லைத்தான். கால் வீங்கிப் போச்சு, வாரைக் கழட்டக் குனிய ஏலேல்லை. நீர் கழட்டி விடும், புண்ணியமாப் போகும்.

ரதி என்னையும் கூப்பிட்டவள். உங்கட அறைச் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ மாமி, ரெண்டு பேருக்கும் இடமிருக்கு எண்டு. காலி ரோட்டு பஸ் ஹோல்ட் மட்டும் நானும் போனனான். கோட்டைக்குப் போற பஸ் வந்தது, அங்கயிருந்துதான் வவுனியா பஸ். அவ ஏறிட்டா. படியில நிண்டு கையை நீட்டினா. கொண்டக்டர் பொடியன் ஏறுங்கோ அம்மே, ஏறுங்கோ எண்டு பஸ்ஸில தட்டுறான்.

நான் திரும்பிப் பாத்தனான். ஒழுங்கையில ஒருத்தரும் இல்லை. மல்லி இல்லை, நீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமையளில என்ர மகன் கிஷாந்த் லண்டனிலயிருந்து போன் எடுக்கிறவன், முந்தி; இப்ப அதுவும் இல்லை. படத்தில துவக்கோட ஒருத்தன் பின்னால நிண்டு கத்துவானே, நில் எண்டு. அப்பிடி ஒரு சத்தம் பின்னால கேட்டிருந்தால் நான் ஏறியிருப்பன் மேனுகா. ஓடியே ஏறியிருப்பன்.

ஒருத்தரும் கத்தேல்லை.

மெல்ல, மெல்ல. வலக்கால்தான் கூட வீக்கம்.