இருபதுக்கு இருபது

— இல்ல செல்லசாமி அண்ணா, கர்த்தருக்க சித்தம்ணு சொல்லி முடிச்சிராதீங்க. தப்பு எனக்க தப்பாக்கும். அதைச் சொல்லத்தான் கிளினிக்கைப் பூட்டிட்டு காரோட்டுல உள்ள ஒங்க வீட்டுக்கு வந்தேன்.

— விடுங்க டாக்டர் சாரே. எனக்க காலை வெட்டி எடுத்தது மெடிக்கல் காலேஜில உள்ளவங்க. நீங்க உதியன்குளங்கரையில இருந்து மாசாமாசம் சுகருக்கு மாத்திரை எழுதித் தந்திய. வேற என்ன செய்விய?

— அதைத்தான் சொல்ல வாறாருல்லா. சொல்ல விடுங்க.

— எடி ராஜபாய், நீ சும்மா இரி. வீடு தேடி வந்த மனுஷன்கிட்ட...

— நான் ஒண்ணும் சொல்லல்ல. கேக்கத்தான் செய்யேன்.

— அக்கா கேக்கட்டும் அண்ணா. போன மார்ச்சுல திருவனந்தபுரத்துல எங்களுக்கு ஒரு கிளாஸ் உண்டு. டாக்டர்மாரு ரெஜிஸ்ட்ரேஷன் புதுக்கணும்னா இப்பிடி கிளாஸ்ல இருந்து கிரெடிட் வாங்கணும். அண்ணைக்கு விஷயம், சுகர்காரங்களுக்க காலு.

— காலா?

— காலு. வரும்பளெல்லாம் உள்ளங்காலைப் பாக்கணும், விரல் இடுக்கைப் பாக்கணும். தூண்டில் நூல் போல ஒரு இழை தந்தாங்க. அதை வெச்சுத் தொட்டு 'தெரியுதா'ண்ணு கேக்கணும். தெரியல்லேண்ணா அந்தக் காலுக்கு ஆபத்து தொடங்கியாச்சு. முள்ளு குத்தினாலும் ஆளு அறியாது.

— அறியாதுதான் சாரே. எனக்கு ரப்பர் தோட்டத்துல குச்சி கேறினது எண்ணைக்குண்ணே தெரியாது. நாத்தம் வந்தப்பமாக்கும் இவ புடிச்சுப் பாத்தா. அப்பம் கறுத்துப் போச்சு. முட்டுக்குக் கீழ எடுக்க வேண்டியதா வந்துது.

— அதைக் கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் போரும் அண்ணா. கிளாஸ் முடிவுல பரீட்சை வெச்சாங்க. நான் இருபதுக்கு இருபது.

— கொள்ளாமே! நீங்க படிப்புல மிடுக்கன்தானே.

— அதுக்குப் பெறவு நீங்க எட்டு தடவை வந்திய. எட்டு தடவையும் செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோடதான் எனக்க முன்னால இருந்திய. நான் ஒரு தடவைகூட கீழ பாக்கல்ல.

— கூட்டம் அப்பிடில்லா சாரே! வெளிய நாப்பது பேரு இரிப்பாங்க.

— நானும் எனக்குள்ள அப்பிடித்தான் சொல்லிட்டு இருந்தேன். நேரம் இல்லேண்ணு. நெசம் அது இல்ல. அந்தக் காலைப் பாக்கணும்னா நான் குனியணும். கசேரையை விட்டு இறங்கி, ரப்பர் வெட்டிட்டு வாற ஒருத்தருக்க காலைக் கையில எடுக்கணும். அதுக்கு எனக்குக் கூச்சம். அதுதான் நெசம். இதை எனக்க வீட்டுக்காரிகிட்ட கூட சொன்னதில்ல.

— ஆகஸ்டுல நான் சொன்னேன் சாரே. ஓர்மை உண்டா?

— உண்டு அக்கா.

— 'தோட்டத்துல ஒரு செருப்பு கழண்டு போனது தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்துட்டாரு'ண்ணு சொன்னேன். நீங்க சிரிச்சிய.

— சிரிச்சேன். சிரிச்சுட்டு ஒரு வைட்டமின் மாத்திரை எழுதினேன்.

— இவரும் ஒங்ககூடச் சேந்து சிரிச்சாரு. நான் மட்டும் சிரிக்கல்ல.

— எடி, போரும். சாருக்க முகத்தைப் பாரு.

— எனக்க முகத்தை விடுங்க அண்ணா. அக்கா சொல்லட்டும். ஒங்களுக்குக் காலு போனதைக் கேட்டப்பம் வருத்தப்பட்டேன். ஆனா அதுல எனக்கும் பங்கு உண்டுண்ணு தோணவே இல்ல. அதுதான் கேவலம்.

— பின்ன எப்பம் தோணிச்சு?

— கிறிஸ்மஸ் கழிஞ்சு கிளாஸ் எடுத்தவங்க போன்ல விளிச்சாங்க. 'சர்டிபிக்கேட் இருக்கட்டும், படிச்சது ஒங்க கிளினிக்குல நடக்குதாண்ணு நோயாளிகளுக்க பழைய சீட்டை எடுத்து எண்ணிப் பாருங்க'ண்ணாங்க. எங்க நர்ஸ் ஜோஸ்னா நூறு சீட்டு எடுத்தா. காலு பாத்ததா எழுதியிருந்தது மூணுல. அந்த மூணு பேரும் புண்ணோட வந்து அவங்களே தூக்கிக் காட்டினவங்க. ஒங்க சீட்டை அவ தனியா எடுத்து எனக்க மேசையில வெச்சா. அடுத்த ஆளை விளிக்கப் போய்ட்டா.

— நல்ல பிள்ளை.

— இப்பம் அவ வாசல்லயே ஒரு ஸ்டூலு போட்டிருக்கா. காலு பாக்காம ஒருத்தரையும் எனக்க முறிக்குள்ள விடமாட்டா. ஆறு வாரத்துல ஏழு பேருக்கு புண்ணு கண்டுபிடிச்சோம். அவங்களுக்கே தெரியாத புண்ணு. ஒருத்தருக்கும் ஒரு விரல்கூட போகல்ல.

— ஸ்தோத்திரம்! அப்பம் எனக்க காலு போனதுக்கும் ஒரு பலன் உண்டாச்சு.

— அப்பிடிச் சொல்லாதீங்க அண்ணா. எனக்குத் தாங்காது.

— சாரு மன்னிப்பு கேக்கத்தான் வந்தியளா?

— அதுக்கும்தான் அக்கா. பின்ன ஒண்ணும் உண்டு. சனியாழ்ச்ச நெய்யாற்றின்கரையில இந்தப் பக்கத்து டாக்டர்மாருக்கு நான் கிளாஸ் எடுக்கணும். அந்த நூறு சீட்டையும் மறைக்காமக் காட்டப் போறேன். அண்ணன் முன்னால வந்து இருந்து, நடந்ததை அவருக்க வாயால சொன்னா நல்லது. படம் போட்டுக் காட்டினா மறந்து போவாங்க. நான் மறந்தேன்லா.

— நான் டாக்டர்மாருக்கு கிளாஸ் எடுக்கதா! ஏழாம் கிளாஸ் தோத்தவனாக்கும் நான்.

— இவருக்க வெட்டின காலைக் காட்டி நீங்க பேரெடுக்கதுக்கா சாரே?

— பேரு கெடத்தான் செய்யும் அக்கா. ஒங்களுக்கு சம்மதம் இல்லேண்ணா வேண்டாம்.

— சம்மதம்தான். நான் வாறேன் சாரே, கம்பு ஊணி வாறேன். எடி, நீயும் வா. அந்தச் செருப்புக் காரியத்தை ஒன்னைப் போல எனக்குச் சொல்ல வராது.

— வாறேன். எல்லாரும் கேக்கட்டும்.

— பெரிய ஒரு பாரம் இறங்கினது போல இருக்கு. அப்பம் நான் புறப்படட்டா? சனியாழ்ச்ச காலத்தே வண்டி அனுப்புதேன்.

— நில்லுங்க சாரே. நீங்க வந்து ஒரு மணிக்கூறு ஆச்சு. போன காலைப் பத்தியே பேசினிய. இவருக்கு மிச்சம் உள்ள வலது காலு அந்தப் போர்வைக்க அடியில இருக்கு. அதை நீங்க இன்னும் பாக்கல்ல.