குர்லாவிலிருந்து செம்பூர் வரை ஒரு துண்டு சாக்லேட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். குர்லாவில் ஒரு அக்காவும் தங்கச்சியும் லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் ஏறி என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேலிருக்கும். அக்கா சாக்லேட்டைப் பிரித்ததும் தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள்.

“எக்கா, எடை குறைஞ்சாத்தான் கால் முட்டு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாருல்லா?”

“ஏட்டி, குறைஞ்சுக்கிட்டுதான இருக்கு. தெனம் ஒரே துண்டுதான். இங்க வாயில போட்டா செம்பூர் வரைக்கும் கடிக்க மாட்டேன்.”

“நீயா?”

“அப்பா ஃபாக்டரியிலருந்து ஒடஞ்ச சாக்லேட் கொண்டாந்து, யாரு வாயில கடைசி வரைக்கும் இருக்குன்னு பந்தயம் வைப்பாரே, மறந்துட்டியா? எப்பவும் நாந்தான் ஜெயிப்பேன்.”

“கன்னத்துல ஒதுக்கி வச்சு ஏமாத்துவ.”

“இப்ப வா, பாப்போம்.”

ஆளுக்கொரு துண்டு போட்டுக்கொண்டார்கள். ஒருவரையொருவர் பார்த்து, வாயைத் திறக்காமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு. திலக் நகர் வருமுன்னே தங்கச்சி கடித்து விழுங்கிவிட்டாள். செம்பூரில் அக்கா நாக்கை நீட்டிக் காட்டினாள்; நுனியில் பொட்டளவு இருந்தது.

தங்கச்சி மீதிச் சாக்லேட்டை மடித்து அக்காவின் பைக்குள் வைத்தாள். “இனி நாளைக்குத்தான், என்ன?” என்றாள்.

சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஸ்டேஷனை நான் சரியாகக் கவனிக்கவில்லை. அவள் கடித்தது திலக் நகருக்கு முன்னாலா பின்னாலா, அந்த டப்பாவில் இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.