ஒட்டும் அறையின் ஜன்னல்களுக்கு ஆணி அடித்தது யார்?

இந்த ஆண்டுவிழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் காலணிப் பட்டறையின் உரிமையாளர் அவர்களே! பக்கத்தில் அமர்ந்து இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் மேலாளர் அவர்களே! தோலோடு மல்லுக்கட்டித் தோள் தேய்ந்த பெரியவர்களே! ஊசி குத்திய விரலாலேயே பிள்ளைக்குத் தலைவாரும் தாய்மார்களே! தையல் பிரிவிலிருந்து வந்திருக்கும் இந்த எளியவளின் வணக்கம்.

பட்டறையின் பெருமையைப் பேசு என்றார்கள். பேசுகிறேன்! நம் செருப்பில் ஒரு தூசு கிடையாது. ஏன் கிடையாது? ஈரப் பசையில் தூசு ஒட்டிவிடுமாம். அதற்காக ஒட்டும் அறையின் ஜன்னல்களுக்கெல்லாம் ஆணி அடித்திருக்கிறோம். சரி, தூசு உள்ளே வரவில்லை. பசையின் ஆவி எங்கே போயிற்று? வானத்துக்கா? வீதிக்கா? அங்கே பசை தடவும் என் அண்ணனின் மூக்குக்குள் போயிற்று!

முன்வரிசைல சிரிக்கிற ஐயா, சிரிக்காதீங்க, உங்க மூக்குக்குள்ளயும்தான்.

என் அண்ணனை 'அளவுகோல்' என்றால் எல்லோருக்கும் தெரியும். நடந்து வருகிற காலைப் பார்த்தே செருப்பின் அளவைச் சொல்கிறவர். லீவு நாளில் அவருக்குத் தலை வெடிக்கும். மறுநாள் வந்து பசை டின்னைத் திறந்தால் வலி பறந்துவிடும். "டின்னுதாம்மா எனக்கு மருந்து" என்பார். ஒட்டும் அறையில் அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த வலியைக் கொடுத்ததே அந்த டின்தான் என்று சொல்ல ஒரு நாதி இல்லையே! பசையில் நனைத்த துணியை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். முதலில் தலைவலிக்கு. அப்புறம் தூக்கத்துக்கு. அப்புறம் காரணமே தேவைப்படவில்லை.

அந்த ஆவி என்ன செய்யும் தெரியுமா? மூச்சில் புகுந்து, ரத்தத்தில் கலந்து, மளமளவென்று மூளைக்கு ஏறும். மின்கம்பிக்கு ரப்பர் மாதிரி, நரம்புக்கும் கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. வருடக்கணக்கில் முகர்ந்தால் அந்த உறை சிதையும் என்கிறார் மருத்துவர். கை நடுங்கும், கால் தடுமாறும், நாக்கு குழறும், நினைவு நழுவும். சிலருக்கு இதயமே சட்டென்று நின்றுவிடுமாம்.

சிரித்த முகக்காரரான அண்ணன் சிடுமூஞ்சியானார். செல்ல மகளைக் கைநீட்டி அடித்தார். மறுநாள் "நானா அடிச்சேன்?" என்று அவளிடமே கேட்டு அழுதார். போன வாரம் ஒரு ஜோடிக்கு இரண்டையும் இடது காலுக்கே ஒட்டிவைத்தார். உடனே மேலாளர், "குடிச்சிட்டு வந்திருக்கான், வெளிய அனுப்பு!" என்றார். அண்ணி ஓடிவந்து, "ஐயா, அவரு ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லைங்க. வேணும்னா ஊதச் சொல்லிப் பாருங்க" என்று கெஞ்சினாள். யார் காதில் விழுந்தது?

என்ன? பின்னால் ஒருவர், "துணிய அவர்தானே எடுத்துட்டுப் போனாரு?" என்கிறார். எடுத்தார் ஐயா, நான் மறைக்கவில்லை! ஆனால் அந்தப் பழக்கத்தைத் துணி ஏற்றவில்லை, பூட்டிய அறை ஏற்றியது. நோயைக் கொடுத்துவிட்டு நோயாளிக்குக் குடிகாரப் பட்டமா? இது எந்த ஊர் நியாயம்?

தலைவர் அவர்களே! முகர்வதை இப்போதே நிறுத்தி வைத்தியம் பார்த்தால் ஓரளவாவது தேறுவார் என்கிறார் மருத்துவர். குடிகாரன் என்று வெளியே தள்ளினால் அந்த வைத்தியமும் இல்லை. இது வேலை தந்த நோய் என்று இந்த மேடையில் உங்கள் வாயால் சொல்லுங்கள்! நாளைக் காலையிலேயே ஆணிகளைப் பிடுங்குங்கள்!

"பார்க்கலாம்மா" என்கிறார் தலைவர். பாருங்கள் ஐயா, இப்போதே பாருங்கள்! அண்ணிக்குப் பக்கத்தில், நீலச் சட்டை. அவர் ஒருவர் மட்டும் விடாமல் கைதட்டிக்கொண்டிருக்கிறார். தங்கை மேடையில் பேசுகிறாள் என்பது அவருக்குத் தெரிகிறது. யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்பதுதான் தெரியவில்லை.

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. அண்ணா, உங்களுக்கு என் வணக்கம்.