அக்காவின் காலில் கிடைத்த மின்சாரம்

சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பொருளைச் செய்ய நல்ல கண் வேண்டும், ஐயா. ஐம்பது தாண்டியும் எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நான் செய்துவந்தது அந்த அளவு மின்கலம். உள்ளே பாக்டீரியாவை விட்டு இரை போட்டால், தின்றுகொண்டே மின்சாரம் தரும். காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவியை அதில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஆறு வருடம் சாக்கடைச் சேறு, குளத்து வண்டல் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மீட்டர் முள் அசைவேனா என்றது.

அம்மா போன பிறகு தையல் மெஷின் மிதித்து என்னைப் படிக்கவைத்தவள் அக்கா. அவளுக்குச் சர்க்கரை நோய். உள்ளங்காலில் வந்த புண் ஆறவில்லை. தினமும் நான்தான் கழுவிக் கட்டுவேன். ஒருநாள் புண் துடைத்த பஞ்சைக் குப்பையில் போட மனம் வராமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய்க் கலத்தில் போட்டேன். முள் துள்ளி எழுந்தது.

ஒரே சிக்கல், கலத்துக்குள் அந்தப் பாக்டீரியா நாலு நாளில் சோர்ந்துவிடும்; புண்ணிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து டாக்டர் புண்ணில் உள்ள கிருமியைக் கொல்ல வீரியமான கேப்ஸ்யூல் எழுதிவிட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து, மருந்தைக் கொட்டிவிட்டு மைதா மாவை நிரப்பினேன். குளுக்கோஸ் தூளும் கைவசம் இருந்தது. சர்க்கரை நோயாளிக்கு அதைக் கொடுக்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"என்னடா, இவ்வளவு மாத்திரை முழுங்கியும் கேக்கவே மாட்டேங்குது?" என்றாள் அக்கா.

"இப்பதான்க்கா நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நீ சொன்னா சரிதான்."

நான் சொன்னது பொய் இல்லை, ஐயா. அந்த வாரம்தான் கருவி ஓடியது. துறைத்தலைவர் கைகுலுக்கி, எங்கே பிடித்தாய் என்று கேட்டார். சேற்றில் என்றேன்.

பிறகு கால்விரல்கள் கறுத்தன. முழங்காலோடு எடுத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். "தம்பியைக் கேட்டுத்தான் சொல்வேன்னு சொல்லிட்டேன்டா," என்றாள் அக்கா. வேண்டாம் என்றேன். காலில்லாமல் மெஷின் எப்படி மிதிப்பாள்?

பத்தாம் நாள் வீட்டுக் கட்டிலிலேயே போய்விட்டாள். சான்றிதழ் எழுத வந்த டாக்டர் மிச்சமிருந்த கேப்ஸ்யூலைப் பிரித்துப் பார்த்தார். இப்போது ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

செய்தது அனைத்தும் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பாசமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசி நாள்வரை அந்தக் காலை வேறொருவர் தொட நான் விட்டதில்லை.