ஜெபக்குமாருடைய டோன்

கொடைக்கானல் பக்கம் எலெக்ட்ரிக் கிதார் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு நாற்பது வாட் குண்டு பல்பும் வாங்கிக்கொள்வது நல்லது. அலமாரிக்குள் பல்பை எரியவிட்டால்தான் கிதாரில் பூஞ்சை பிடிக்காது. பெருமாள்மலையில் என் ரிப்பேர் கடையில் அப்படி ஓர் அலமாரி உண்டு. நம் சபையின் மூன்று கிதார்களும் வாரம் முழுக்க அதில்தான் இருக்கும். சாவி என்னிடம். கமிட்டியார் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னதால் இதிலிருந்து தொடங்குகிறேன்.

பத்தொன்பது வருடம் ஆராதனையில் முதல் கிதார் நான்தான். போன வருடம் பேத்துப்பாறையிலிருந்து ஜெபக்குமார் வந்தான். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன், நோட்டேஷன் படிக்கத் தெரியாது. அவன் வாசித்த முதல் ஞாயிறே பாஸ்டர் ஐயா என் தோளில் தட்டினார். "உபகாரம், இனிமே நீங்க சவுண்ட் மிக்ஸரைப் பாத்துக்கங்க. அதுதான் முக்கியமான சோலி." முக்கியமான சோலி என்பதால் ஒப்புக்கொண்டேன். எனக்கு வருத்தமே இல்லை. பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடுமே என்ற கவலைதான்.

கம்பியின் அதிர்வைப் பிடிப்பது பிக்கப். அதில் எவ்வளவு கூர்மையை வெளியே விடுவது என்று பார்ப்பது டோன் குமிழ். குமிழுக்கு அடியில் பொட்டுக்கடலை அளவில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அதை இடம் மாற்றிப் பற்றவைத்தால், குமிழை எப்படித் திருப்பினாலும் கூர்மையை அது விழுங்கிக்கொண்டே இருக்கும். பெரிதாக வைத்தால் கூடுதலாக விழுங்கும். நான் ஒரேயடியாகச் செய்யவில்லை. வாரத்துக்கு ஒன்று, சற்றே பெரிதாக. பிக்கப்பையும் அவ்வப்போது அரைத் திருகு இறக்கினேன்.

மேடையில் அவனுக்கு அருகில் இருந்த ஸ்பீக்கரில், கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போலச் சத்தம் வந்தது. சபையார் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு மட்டும் நான் மிக்ஸரில் ட்ரெபிளை, அதாவது அந்தக் கூர்மையை, ஏற்றிவிட்டேன். நீங்களெல்லாம் பிரமாதம் என்று தலையாட்டினீர்கள். கமிட்டியாரை ஏமாற்றுவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் கடைக்கு வந்தான்.

"அண்ணே, கிதார் மங்கலாக் கேக்குது. எல்லாரும் நல்லாருக்குங்கிறாங்க. எனக்குத்தான் காது போகுதோ?"

"எனக்கு நல்லாத்தான் தம்பி கேக்குது" என்றேன்.

மற்ற இரண்டு கிதார்களையும் வாசித்துப் பார்த்தான். அவற்றுக்கும் அதே வைத்தியத்தை முன்பே செய்திருந்தேன். வேலையில் குறை வைக்கிற பழக்கம் எனக்கில்லை.

"வேன் ஹாரன் கேக்குதுண்ணே."

"மெல்லிசு சத்தந்தான் மொதல்ல போகும். ஹாரன் கடைசியாத்தான் போகும்."

ஆறுதலாகத்தான் சொன்னேன். திண்டுக்கல் போய்க் காதைக் காட்டச் சொல்லி அவன் மனைவி அனிட்டா நச்சரித்தாளாம். காதைச் சோதிக்கிற மிஷினுக்குக் கிதாரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அவன் போகவில்லை.

அவனிடம் உள்ள ஒரே கோளாறு நேர்மை. காது கேளாதவன் மலைப்பாதை வளைவுகளில் ஆளேற்றக் கூடாது என்று வேனை விற்றுவிட்டான். இப்போது புருஷனும் பெண்டாட்டியும் பூண்டுக் காட்டில் கூலி வேலை செய்கிறார்கள். யார் பேசினாலும் அவன் அவர்கள் உதட்டையே பார்க்க ஆரம்பித்தான். பின்னால் உதவும் என்று முன்கூட்டியே பழகினானாம். வேனை விற்றபோதாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கச் சொன்னது நானில்லையே.

"இனிமே நீங்களே வாசிங்கண்ணே" என்று ஒரு நாள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்று மத்தியானமே பழைய கெபாசிட்டரை அதனிடத்தில் வைத்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

அடுத்த ஞாயிறு நான் வாசித்தேன். ஜெபக்குமார் முதல் பெஞ்சில் இருந்தான். ஆராதனை முடிந்ததும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக் கேட்டுச்சுண்ணே. போற காதுக்கே கேட்டுச்சு. எல்லாம் உங்க கைதாண்ணே."

பக்கத்தில் நின்ற அனிட்டா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். காதில் ஒரு பழுதும் இல்லை. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

செய்தது நான்தான். மூன்று கிதார்களிலும், பதினோரு வாரம். மறைக்க எதுவுமில்லை. அன்று அவன் அழுதது என் வாசிப்பைக் கேட்டுத்தான் என்பதையும் கமிட்டியார் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.